சிப்பிகளுக்கு நடுவே ஒரு தகரம்

எங்கள் குடியைக் கெடுத்தது கடல் அல்ல, ஏரியும் அல்ல. சாராயம் என்றால் நாலு பேரிடம் சொல்லி அழுதிருப்பேன், அதுவும் அல்ல. கெடுத்தது ஒரு இங்கிலீஷ் புத்தகம். அதை எழுதியவன் சீமையில் செத்து, புதைத்த இடத்தில் புல் முளைத்து, அதற்கும் பல வருஷம் கழித்துப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு மீன்காரக் குப்பத்துக்கு வந்து சேர்ந்தான். வந்தவன் நேராக என் வீட்டு அடுப்பில் கை வைத்தான். பெரிய மந்திரவாதியாம். சடங்கு மந்திரத்தில் அவனை மிஞ்ச ஆள் இல்லையாம், அவன் எழுதியதைப் படித்துவிட்டு ஊர் ஊராகச் சிஷ்யர்கள் முளைத்தார்களாம். பெயரைச் சொல்லி இன்னும் ஒரு ஆளுக்கு அவனைத் தெரியவைக்க எனக்கு இஷ்டமில்லை. நான் அவனுக்கு வைத்த பெயர் துரை. இங்கேயும் அதுவே இருக்கட்டும்.

அறுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆனது. ஏரிக்கு அந்தக் கரையில் என் பிறந்த வீடு, இந்தக் கரையில் அவர் வீடு. நான் எட்டாவது வரை படித்தவள். அவர் பொன்னேரிக்குப் போய்வந்து எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர். குப்பத்தில் அவ்வளவு படித்தது அவர் ஒருவர்தான். படித்த பிள்ளைக்குப் படித்த பெண் என்று இரண்டு கரையிலும் ஒரே பெருமை. ஆனால் படித்ததற்கு வேலை கிடைக்கவில்லை. எண்ணூர்ப் பக்கம் எழுதிப் போட்டார், ரயில்வேக்கு எழுதிப் போட்டார். ஒன்றும் நடக்காமல் கடைசியில் அப்பாவோடு வலையில் இறங்கினார். அதை அவர் ஒரு நாளும் மனசால் ஏற்றுக்கொண்டதில்லை. வலையை மடிக்கும்போது கூட, யாருடைய வேலையையோ கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்கிறவர் மாதிரிதான் முகத்தை வைத்துக்கொண்டிருப்பார்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஏரியில் எல்லா இடமும் ஒரே மாதிரி இல்லை. ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தை ஒட்டி ஓட்டம் நன்றாக இருக்கும் இடத்தில் வலை கட்டினால் எறா, அதாவது இறால், தானாக வந்து விழும். உள்ளே தள்ளிப் போகப் போகச் சேறுதான் மிச்சம். நல்ல இடத்துக்கு ஆளாளுக்கு அடித்துக்கொள்ளக் கூடாது என்று முன்னோர் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். அதற்குப் பாடு என்று பெயர். வருஷத்துக்கு ஒரு தடவை, அம்மன் கோயில் திருவிழா முடிந்த மறுநாள், கோயில் வாசலில் ஒரு பானை வைப்பார்கள். தலைக்கட்டு ஒவ்வொருவரும் தங்கள் அடையாளத்தை அதில் போடுவார்கள். தலைக்கட்டு என்றால் கல்யாணம் ஆகித் தனிக் குடும்பமாக ஊர் ஏற்றுக்கொண்ட ஆண். ஒரு சின்னப் பெண் குழந்தையின் கண்ணைக் கட்டி, பானைக்குள் கையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். யாருடைய அடையாளம் முதலில் வருகிறதோ அவருக்கு அந்த வருஷம் முதல் பாடு, முகத்துவாரத்து இடம். அடுத்து வந்தவருக்கு அடுத்த இடம். பணக்காரனோ பலசாலியோ, பானைக்கு எல்லாரும் ஒன்றுதான்.

கல்யாணம் ஆகாதவனுக்குப் பானையில் போட ஒன்றும் கிடையாது. என் கழுத்தில் தாலி ஏறிய அன்றுதான் என் வீட்டுக்காரருக்கு ஏரியில் ஒரு இடம் வந்தது. இதை நீங்களாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் மறந்துவிட்டார்.

கல்யாணம் ஆன புதிதில், எறா ஏற்றிக்கொண்டு மெட்ராஸுக்குப் போகும் ஐஸ் லாரியில் அவரும் போய்வருவார். படித்தவர், கணக்குப் பார்ப்பார் என்று அனுப்புவார்கள். அப்படிப் போன ஒரு நாள் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துப் பிளாட்பாரத்தில் பழைய புத்தகம் விற்பவனிடம் துரையைக் கண்டுபிடித்தார். மேலட்டை கிழிந்த தடிப் புத்தகம். உள்ளே ஒரு படம், அங்கி போட்டு, கையில் கோலோடு, குண்டு முகத்தில் கண்ணை உருட்டிக்கொண்டு ஒரு ஆள். எனக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. கடன் கேட்டால் இல்லை என்று சொல்லவும் மாட்டான், கொடுக்கவும் மாட்டான், அப்படி ஒரு முகம். அதற்குப் பிறகு லாரியில் போன போதெல்லாம் அதே ஆள் எழுதிய இன்னொன்று வந்தது. கடைக்காரனிடம் சொல்லி வைத்துவிட்டாராம்.

சாயங்காலங்களில் நான் எறாவுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருப்பேன். அவர் எதிரே உட்கார்ந்து இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொல்லுவார். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் சொல்லுவார். மனுஷனாகப் பிறந்த ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஒரு வழி இருக்கிறதாம். அது என்னவென்று கண்டுபிடிப்பதுதான் வாழ்க்கையாம். கண்டுபிடித்துவிட்டால் உலகம் பூராவும் விலகி வழிவிடுமாம். அதற்குத்தான் சடங்கு, வட்டம், வாள், கிண்ணம், தூபம் எல்லாம். மனசை ஒரே இடத்தில் குவித்துக் கூப்பிட்டால் கூப்பிட்டது வந்து நிற்கும் என்று துரை எழுதியிருந்தானாம். எனக்கும் அந்த வழி விஷயம் பிடித்திருந்தது, பொய் சொல்லவில்லை. கையெல்லாம் எறா நாற்றத்தோடு ஒரு நாள் கேட்டேன்.

"மச்சான், அது எனுக்கும் கீதா? எனுக்குன்னு ஒரு வழி?"

"எல்லாருக்கும் கீதுன்னு தான் எழுதிக்கிறாரு."

"பொம்பளைங்களுக்கு?"

அவர் பக்கங்களைப் புரட்டினார். "அவரு பூஜையில பொம்பள கூட நிக்கணும்னு எழுதிக்கிறாரு. கிண்ணத்த புடிச்சிக்கினு."

"சரி, அந்த ஆளுக்கு சோறு ஆக்கினது யாரு? அத்த எங்கியாவது எழுதிக்கிறானா பாரு."

விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் நிஜமாகவே தேடினார். அத்தனை புத்தகத்திலும் சமையல்காரன் ஒரு வரியில் கூட வரவில்லை. எனக்கு அன்றைக்கே துரையின் வண்டவாளம் தெரிந்துவிட்டது. பணக்கார வீட்டில் பிறந்து, வட்டத்தை விட்டு வெளியே வந்தால் தட்டில் சோறு இருக்கும் என்கிற நம்பிக்கையில் எழுதியவன். அதை மூன்று வேளைச் சோற்றுக்கு ஏரியை நம்பியிருக்கிற ஒருத்தர் படித்தால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்று சீக்கிரமே பார்த்தேன். உடைந்த துடுப்பைச் செதுக்கி வாள் செய்தார். வீட்டுக்குள் தரையில் சுண்ணாம்பால் ஒரு பெரிய வட்டம் போட்டார். வாசலில் என் கோலம், உள்ளே அவர் வட்டம். காலை, நடுப்பகல், சாயங்காலம் என்று சூரியனைப் பார்த்து நின்று என்னவோ சொல்லுவார். நாலு திசைக்கும் நாலு தேவதூதர் பெயரை நீட்டி முழக்கிக் கூப்பிடுவார். பக்கத்துத் தெருவில் இருந்த, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரக் கிழவர் ஒருவர் கேட்டுவிட்டு, "இதெல்லாம் எங்க கோயில்ல சொல்ற பேரு தாம்மா, ஆனா நாங்க இப்டி மிரட்ட மாட்டோம்" என்றார். ஒரு நாள் என் வீட்டுக்காரர் என்னையும் வட்டத்துக்குள் நிற்க வைத்தார். கையில் எவர்சில்வர் டம்ளர். வெளியே கூடையில் எறா வெயிலில் கெட்டுக்கொண்டிருந்தது, ஈ மொய்க்கும் சத்தம் உள்ளே வரை கேட்டது. அசையக் கூடாது என்றார். நானும் நின்றேன். அன்றைக்கு அந்தக் கூடையை அப்படியே கொண்டுபோய்த் தென்னங்கன்றுக்குக் கொட்டினேன்.

பாடு எடுக்கும் நாள் வந்தது. புதுத் தலைக்கட்டு தன் அடையாளத்தைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும், இன்னொருவருடையது மாதிரி இருக்கக் கூடாது. இது ஒன்றுதான் விதி. மாமனாருடையது ஓரம் உடைந்த சிப்பி, அவர் அப்பா காலத்திலிருந்து அதுதான். மற்றவர்களுடையதும் சிப்பி, சங்கு, புளியங்கொட்டை, வலைக்குக் கட்டும் மண்குண்டு இப்படித்தான். என் வீட்டுக்காரர் ஒரு பிஸ்கட் டின்னை வெட்டி, காசு அகலத்துக்கு ஒரு தகடு செய்தார். அதன் மேல் துரையின் புத்தகத்தில் இருந்த ஆறு முனை நட்சத்திரத்தை ஆணியால் கீறினார். அதை வட்டத்துக்கு நடுவில் வைத்து நாள் கணக்கில் பூஜை செய்து, பானையில் போட்டார். விதியில் தகரம் கூடாது என்று எங்கேயும் இல்லை. யாருக்கும் அது தோன்றியிருக்கவும் இல்லை.

முதலில் வந்தது அந்தத் தகரம்தான்.

ஊரே சந்தோஷப்பட்டது. பெண் வந்த நேரம் என்றார்கள். பெரியதனம், அதாவது எங்கள் குப்பத்துத் தலைவர், என்னைக் கூப்பிட்டு, "மகராசி கால வெச்ச, ஓட்டத்த இட்டாந்துட்ட" என்றார். அந்த வருஷம் முகத்துவாரத்தில் எங்கள் வலை நிறைந்தது. வீட்டுக்குப் புதுக் கீற்று போட்டோம். எனக்கு ஒரு ஜோடி கம்மல் வந்தது. இருபது வயசில் என்னால் ஒரு ஊருக்கே நல்லது நடந்ததாகச் சொன்னால் நம்பாமல் இருக்க முடியுமா? நம்பினேன். என் வீட்டுக்காரர் நம்பவில்லை. தன் பூஜைதான் என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த வெளிச்சம் கல்யாணத்தன்று கூட இருந்ததில்லை.

மறு வருஷமும் தகரமே முதலில் வந்தது.

இந்த முறை யாரும் என் காலைப் பற்றிப் பேசவில்லை. சுண்ணாம்பு வட்டத்தை எட்டிப் பார்த்தவர்கள் இருந்தார்கள், நாலு திசையிலும் கூப்பிட்டதைக் கேட்டவர்கள் இருந்தார்கள். கடைசிப் பாடு விழுந்து சேற்றில் வலை கட்டியவர்கள் வயிறு எரிந்தது. பானையை மந்திரத்தால் கட்டிவிட்டான் என்று பேச்சு கிளம்பியது. தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். "பொண்ணு வந்த நேரம்" என்ற அதே வார்த்தையை இப்போது வேறு தொண்டையில் சொன்னார்கள்.

அமாவாசைக்கு அவரைத் திருவள்ளூருக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தால் நோய் கரையும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் போவார்கள். என்ன நோய்க்கு என்று கேட்டவர்களிடம் வயிற்று வலி என்று சொல்லி வைத்தேன். படியில் நின்று வெல்லத்தைத் தண்ணீருக்குள் விட்டு, அந்தப் புத்தகம் இவர் தலையிலிருந்து கரைந்து போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவர் பக்கத்தில் நின்று அமைதியாகச் சொன்னார்.

"நீ இப்ப செஞ்சியே, இதுவும் சடங்கு மந்திரம் தான். துரை இத்த தான் எழுதிக்கிறாரு."

நான் வைத்த பெயரை அவரும் எடுத்துக்கொண்டார், மரியாதையோடு. மிச்ச வெல்லத்தை அப்படியே பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

திரும்பி வந்ததும் பஞ்சாயத்து என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்கு முன்னால் எனக்கு ஒரு யோசனை. இரண்டு வருஷமும் பானையில் கை விட்டது பெரியதனத்தின் பேத்திதான், ஆறேழு வயசுக் குழந்தை. அவளைக் கடற்கரையில் பிடித்து, கையில் அந்த மிச்ச வெல்லத்தைக் கொடுத்துக் கேட்டேன்.

"ஏங்கண்ணு, அவ்ளோ கீதே, நீ ஏன் அந்தத் தகரத்தையே எடுத்த?"

"அது சில்லுனு இருந்திச்சிக்கா" என்றாள், வெல்லத்தை நக்கிக்கொண்டே.

அவ்வளவுதான் விஷயம். சிப்பியும் கொட்டையும் மண்ணும் கிடக்கிற பானையில் ஒரே ஒரு தகரம். கண்ணைக் கட்டினால் குழந்தையின் கை எங்கே போகும்? தெய்வமும் இல்லை, துரையும் இல்லை, என் காலும் இல்லை. கம்மல் நினைவுக்கு வந்தது. சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். ஆனாலும் அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதி. இது தெரிந்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று பெரியதனத்திடம் ஓடினேன்.

அவர் கெட்டவர் இல்லை. வெற்றிலையை மென்றுகொண்டே முழுசாகக் கேட்டார். பேத்தியைக் கூப்பிட்டு விசாரிக்கவும் செய்தார்.

"எனுக்கும் ஒரு சந்தேகம் இருந்திச்சிம்மா" என்றார். "ஆனா ஒண்ணு கேட்டுக்க. தகரம்னா அது ஏமாத்து. ஏமாத்துக்கு அபராதம் போடுவோம், அடுத்த வருசம் கடைசிப் பாடு, அதோட முடிஞ்சிரும். மந்திரம்னா வேற. பானைய கட்டினவன ஊருல வெச்சிக்க முடியாது, தலைக்கட்ட வெட்டிருவோம். நான் சொன்னா ஜனம் கேக்காது. உம் புருசன் சபையில வாயத் தொறந்து தகரம்னு சொல்லட்டும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

வீட்டுக்கு ஓடினேன். அவர் வட்டத்துக்கு வெளியே உட்கார்ந்து சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தை சொன்னது, பெரியதனம் சொன்னது, அபராதம், கடைசிப் பாடு. ஒரு வருஷம் சேற்றில் கட்டினால் போகிறது, நான் கூடை தூக்குகிறேன் என்றேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் மட்டும் மெல்ல மெல்ல இறுகியது.

"நான் ஏமாத்துக்காரன்னு ஊரு முன்னால சொல்லச் சொல்றியா?"

"தெரியாம பண்ணன்னு சொல்லு மச்சான். நீ என்னா வேணும்னா பண்ண? சில்லுனு இருந்துதுன்னு சொல்லு. அது நெஜந்தான?"

"நெஜமில்ல. நான் கூப்டேன். வந்திச்சி."

"கொழந்த சொல்லுதே."

"கொழந்த கைய அங்க கொண்டாந்தது யாரு?" என்றார்.

துரை தன் புத்தகத்தில் எல்லாக் கதவுக்கும் இப்படி ஒரு தாழ்ப்பாள் வைத்திருந்தான். நடந்தால் மந்திரம், நடக்காவிட்டால் மனசு குவியவில்லை. பிடித்து உலுக்க ஒரு முனை கூட இல்லாத பேச்சு. எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் புத்தகங்களை அடுப்பில் போட்டிருப்பேன். அவர் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார், மணையாகப் போட்டுக்கொண்டு.

மறுநாள் காலை கோயில் வாசலில் பஞ்சாயத்து. ஆண்கள் உட்கார்ந்தார்கள், பெண்கள் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றோம். மாமனார் முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பெரியதனம் சொன்ன சொல் தவறவில்லை. சுற்றி வளைத்து, வழி வெட்டிக் கொடுக்கிற மாதிரி கேட்டார்.

"தம்பி, நீ போட்டது தகரம். புள்ள கைல அது தட்டுப்பட்டிருக்குமா? யோசிச்சி சொல்லு."

"இல்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

"தெரியாம போட்டுட்டேன்னு சொன்னா ஊரு ஒத்துக்கும்."

"தெரிஞ்சி தான் போட்டேன். நான் நெனச்சேன், வந்திச்சி. அடுத்த வருசமும் வரும்."

கூட்டத்தில் ஒரு முனகல் கிளம்பியது. மாமனார் எழுந்து, "டேய், எங்கப்பன் சிப்பி போட்டான், நான் சிப்பி போட்டேன், கடைசி வந்தா கடைசிக்குப் போனோம். உனுக்கு இன்னாடா கேடு?" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பஞ்சாயத்தில் பெண்கள் வாய் திறக்கும் வழக்கம் எங்கள் குப்பத்தில் இல்லை. மரத்தைத் தாண்டி வந்து சொன்னேன்.

"அது வெறும் தகரம். சில்லுனு இருந்திச்சின்னு புள்ளையே சொல்லிச்சி. கேட்டுப் பாருங்க."

யாராவது அதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். பெரியதனம் வாயைத் திறக்கவில்லை. ஊர் கூட ஒரு நிமிஷம் யோசித்த மாதிரிதான் இருந்தது. என் வீட்டுக்காரர்தான் திரும்பி என்னைப் பார்த்தார்.

"சபையில பொம்பள பேசக் கூடாது. போ" என்றார்.

ஊர் வழக்கம் எதற்கும் கட்டுப்படாதவர். தனக்கென்று தனி வழி கண்டவர். சிப்பி போடுவது அடிமைப் புத்தி என்று என்னிடம் பேசியவர். என் வாயை அடைக்க மட்டும் ஊர் வழக்கம் அவருக்குத் தேவைப்பட்டது. இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கொதிக்கிறது. துரையைக் கூட மன்னித்துவிடலாம், அவன் எனக்கு யாரோ.

தலைக்கட்டை வெட்டினார்கள். தகரத்தை ஏரியில் வீசச் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்று இடுப்பில் முடிந்துகொண்டார். நாங்கள் கிளம்பும்போது மாமனார் கரை வரை வந்தார். "எம் பாட்டு வலையில அவன் ஒரு கை புடிச்சாலும் என்னியும் வெட்டுவானுங்கம்மா, நான் இன்னா பண்ணட்டும்" என்று என்னிடம்தான் சொன்னார். மகனைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவரை நான் உயிரோடு பார்க்கவில்லை.

பொன்னேரியில் கொஞ்ச காலம், அப்புறம் கும்மிடிப்பூண்டி. அங்கே அப்போதுதான் பொட்டல் நிலத்தில் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்தன. நான் கட்டடத்துக்கு மண் சுமந்தேன். நான் மண் சுமந்த ஒரு கொட்டகையிலேயே, இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் கம்பெனி வந்ததும், அவர் டெம்பரவரி ஹெல்பராகச் சேர்ந்தார். எஸ்.எஸ்.எல்.சி. படித்தது அங்கேயும் யாருக்கும் தேவைப்படவில்லை. லைன் வீட்டில் ஒரே அறை. அதிலும் வட்டம். சுண்ணாம்புக்குப் பதில் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த சாக்பீஸ். நாஷ்டா சாப்பிட வட்டத்தைச் சுற்றி நடந்து போக வேண்டும். ஷிப்டு மாறும்போதெல்லாம் சூரியன் பூஜை கெட்டுப்போகும். அந்த எரிச்சலை என் மேல் காட்டுவார். பக்கத்து வீட்டில் ஆந்திராவிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். "மீ ஆயன சாமியாரா?" என்று என் வீட்டுக்காரரைக் காட்டிக் கேட்டாள். இல்லை, சம்சாரி என்றேன். அவள் நம்பிய மாதிரி தெரியவில்லை.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. அவர் குடிக்கவில்லை, அடிக்கவில்லை, இன்னொருத்தியைத் தேடவில்லை. மந்திரம் சொல்லி ஒருவரிடமும் டப்பு வாங்கவில்லை. கேட்டு வந்தவர்களை விரட்டினார். அவ்வளவு சுத்தமாக நம்பினார். அந்தச் சுத்தம்தான் எனக்குப் பேஜாரு. ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் எங்களுக்கு ஏரி மிஞ்சியிருக்கும்.

எழுபதுகளின் பாதியில் கம்பெனியில் சில பேரை நிரந்தரம் ஆக்குவதாகப் பேச்சு வந்தது. இருக்கிற இடம் கொஞ்சம், காத்திருக்கிற ஆள் நிறைய. யாரை எடுப்பது என்று யூனியனுக்கும் மேனேஜருக்கும் இழுபறி. கடைசியில் சண்டை வேண்டாம், சீட்டுக் குலுக்கிப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். இதைச் சொல்லிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தபோது பல வருஷம் கழித்து அந்தப் பழைய வெளிச்சத்தை அவர் முகத்தில் பார்த்தேன்.

"இப்ப பாரு நீ" என்றார்.

நிரந்தரம் என்றால் எங்களுக்கு எல்லாம். வெயிலில் மண் சுமந்து என் முதுகு வளைந்து போயிருந்தது. கையில் ஒரு பெண் குழந்தை. லைன் வீட்டுக்காரன் காலி செய்யச் சொல்லிக்கொண்டிருந்தான். அதனால் அவர் பூஜை செய்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரைப் பிடிக்கச் சொன்னார், பிடித்துக்கொண்டு நின்றேன். பலிக்கட்டும் என்றுகூட உள்ளே ஒரு மூலையில் நினைத்தேன். தகரத்தை இடுப்பிலிருந்து எடுத்துத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அன்றைக்குச் சந்தையில் எங்கள் குப்பத்துப் பெண் ஒருத்தி கூடையோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முதலில் முகத்தைத் திருப்பினாள், அப்புறம் கூப்பிட்டாள். வெள்ளை எறா, கை நீளத்துக்கு. எங்கே பிடித்தது என்று கேட்டேன். முகத்துவாரத்தில், முதல் பாடு என்றாள். அந்த வருஷம் அவள் வீட்டுக்கு விழுந்திருந்தது. கூட ஒரு கை அள்ளிப் போட்டாள், பாவம் பார்த்து. அதை வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை.

சாயங்காலம் அவர் வந்தார். கை கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். முடிவு அவர் முகத்திலேயே இருந்தது. சோறு போட்டு எறாக் குழம்பை ஊற்றினேன். சாக்பீஸ் வட்டத்தின் மேலேயே தட்டை வைத்திருந்தார், அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"எல்லாம் பேப்பரு" என்றார். "எல்லாம் ஒரே மாதிரி மடிச்சி ஒரு ஹெல்மெட்ல போட்டானுங்க. சூப்பர்வைசரு எடுத்தாரு."

அவர் ஒரு எறாவை எடுத்து, ஓட்டை உரித்து, வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அது எந்தத் தண்ணீரில் பிடித்தது என்று எறாவைப் பார்த்தே சொல்லக்கூடியவர் அவர்.

"அன்னிக்கு," என்றார், "நெஜமாவே சில்லுனு இருந்திச்சின்னு தான் அந்தப் புள்ள சொல்லிச்சா?"

இந்தக் கேள்விக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன். கேட்டால் என்னென்ன சொல்ல வேண்டும் என்று மண் சுமக்கும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மாமனார், வீடு, கம்மல், வேப்பமரம், எல்லாம் அதில் வரும். வாயைத் திறந்தபோது அதில் ஒன்றும் வரவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தது மந்திரவாதி இல்லை. வேலை கிடைக்காத ஒரு ஆள், தட்டில் கை வைத்தபடி. அந்த ஆளிடம் இதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது? அவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டிய இடம் கோயில் வாசல். அது எங்களுக்குக் கதவடைத்து வெகு காலம் ஆகியிருந்தது.

"ஆமா" என்றேன். "சாப்புடு, ஆறிடப் போவுது."

அவர் சாப்பிட்டார். தட்டைக் கழுவ எடுத்தபோது அடியில் வட்டத்தின் ஒரு பக்கம் அழிந்து போயிருந்தது. மறுநாள் நான் வீட்டைப் பெருக்கியபோது மிச்சமும் போனது. அவர் திரும்ப வரையவில்லை. துரையின் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரனிடம் நான்தான் எடைக்குப் போட்டேன். தகரத்தை மட்டும் அவன் எடுத்துக்கொள்ளவில்லை, துருப்பிடித்திருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். கையில் வாங்கிப் பார்த்தேன். அப்போதும் சில்லென்றுதான் இருந்தது.